பழுப்பு நிறக் குழாய்

1

அத்தையின் தலையணைக்கு அடியில் மூன்று பொருட்கள் எப்போதும் இருக்கும். சுருக்குப்பை, டார்ச் லைட், நீல நிற பம்ப். கரண்ட் போன இரவுகளிலும் கை தடுமாறாமல் பம்பை எடுத்துவிடும். "இது இருக்குங்குற தைரியத்துலதான் கண்ண மூடுறேன்" என்பார்.

அப்பாவின் மூத்த அக்கா அவர். மாமா இறந்த பிறகு தேனிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மார்கழி, தை மாதங்களில் விடிகாலை மூன்று மணி வாக்கில் இழுப்பு வரும். படுக்க முடியாது. சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடுவார். துருப்பிடித்த கீல் திறப்பது போன்ற அந்தச் சத்தம் எங்கள் வீட்டின் இரவுச் சத்தங்களில் ஒன்று. அதைக் கேட்டுக்கொண்டே தூங்க நான் பழகியிருந்தேன்.

நடுவில் ஒரு ஆறு வருடம், அத்தைக்குக் குணமாகிவிட்டது என்றே எல்லாரும் நம்பினோம். யாரோ சொன்னார்கள் என்று நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கி வந்தார்கள். காகிதத்தில் மடித்த பொட்டலங்கள். காலையில் ஒன்றைத் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். இங்கிலீஷ் மருந்தே கிடையாது, எல்லாம் மூலிகை என்றார்கள். மூன்றாம் நாள் இரவு அத்தை காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். நாலைந்து மாதத்தில் கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, ஆளே மாறிவிட்டார். "நல்லா சதை போட்டுட்டீங்களே மதினி, இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கீங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது நினைவிருக்கிறது.

ஆறாவது வருடம் சுகர் வந்தது. அடுத்து, வாசப்படியில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போடப் போன இடத்தில் ஒரு நெஞ்சக மருத்துவர் அத்தையின் முகத்தையும் பிடரியில் திரண்டிருந்த கொழுப்பையும் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பொட்டலத்தைக் காட்டினோம். "இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. ஆனா திடீர்னு நிறுத்திடாதீங்க. மாத்திரையா தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்" என்றார். கூடவே ஒரு பழுப்பு நிறக் குழாயும் கொடுத்தார். காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை. இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நான் அப்போது ப்ளஸ் டூ. வீட்டுக்கு முதல் ஸ்மார்ட்போன் வந்திருந்த சமயம். அட்டைப்பெட்டியில் இருந்த பெயரை டைப் செய்தேன். ஸ்டீராய்டு என்று வந்தது. பிறகு ஸ்டீராய்டு என்று டைப் செய்தேன். எலும்புத் தேய்வு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கண்புரை, தொற்று, வயிற்றுப்புண், மனக்குழப்பம். ஒவ்வொன்றாகத் தமிழில் உரக்கச் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் பொடி, இந்த மாத்திரை, இந்த பம்ப் எல்லாம் ஒண்ணுதானா தம்பி?"

"ஆமா அத்தை. எல்லாமே ஸ்டீராய்டுதான்."

அன்று இரவே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். நீல பம்ப் மட்டும் தலையணைக்கு அடியில் தங்கியது. மூன்று வாரம் கழித்து ஒரு விடிகாலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே இறந்துபோனார். கையில் பம்ப் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், காலி.

இது நடந்து பதினோரு வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு முன் எனக்கும் அதே வியாதி வந்தது. மருத்துவர் மேஜைமேல் எடுத்து வைத்ததும் அதே பழுப்பு நிறக் குழாய். அதை வாயில் வைக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாளில் படிக்கத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

இழுப்பு, இரைப்பு, ஈளை, சுவாசகாசம், வீசிங். எத்தனை பெயர் வைத்தாலும் நோயாளிக்குத் தெரிவது ஒன்றுதான்: காற்று உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. ஆஸ்துமா என்பதும் மூச்சு வாங்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான்.

இதற்கான மேற்கத்திய வைத்திய வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். தாவரங்கள்மேல் தீராத ஆர்வம் கொண்டவர். சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இன்றும் அவருக்குச் சிலை உண்டு. அவருக்கே ஆஸ்துமா. இங்கிருந்தவர்களின் வழக்கப்படி ஊமத்தை வேரை உலர்த்திப் புகையாகப் பிடித்து நிவாரணம் கண்டார். ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி அந்தப் பழக்கத்தைச் சென்னையில் தெரிந்துகொண்டு 1802இல் பிரிட்டனுக்கு எடுத்துப் போனார். அடுத்த நூறு ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்க ஊமத்தை இலை சுருட்டிய 'ஆஸ்துமா சிகரெட்டுகள்' மருந்துக்கடைகளில் விற்றன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு இப்படிப்பட்ட சிகரெட்டுகளையும் மருந்துப் புகையையும் இழுத்தவர்.

சிவன் தலையில் சூடும் பூச்செடிக்கு என்ன வேலை நுரையீரலில்? ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தியை அது தடுக்கிறது. தசை தளர்கிறது, வழி திறக்கிறது. சில நிமிடங்களில் பலன் கண்ணுக்குத் தெரியும். இப்படி வழியைத் திறக்கும் மருந்துகளை நான் நீலப் பரம்பரை என்று நினைத்துக்கொள்வேன். ஊமத்தைப் புகையில் ஆரம்பித்து அத்தையின் தலையணைக்கு அடியில் இருந்த பம்ப் வரை வரும் பரம்பரை அது.

ஆனால் தசை ஏன் இறுகுகிறது? 1892இல் வெளிவந்த தன் மருத்துவப் பாடநூலில் வில்லியம் ஆஸ்லர், நுண்ணிய மூச்சுக்குழாய்களில் உள்ள அழற்சியைக் குறிப்பிட்டிருந்தார். உட்சுவர் புண்ணாகி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதே புத்தகம் ஆஸ்துமாவை நரம்புக் கோளாறாகவும் பார்த்தது. பிந்தியதைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. 1940களில் சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டரும் அவரைச் சேர்ந்தவர்களும், இரைப்பு என்பது அம்மாவுக்காக ஏங்கி அடக்கிக்கொண்ட அழுகை என்று விளக்கினார்கள். இழுப்பு வந்த பிள்ளையின் அம்மாவுக்கு, உன்னால்தான் வந்தது என்று சொல்லப்பட்ட காலம். புண் அப்படியே கிடந்தது.

3

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு சிறு சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. அட்ரினல் சுரப்பிகள். 1900இல் சாலமன் சோலிஸ்-கோஹன் என்ற அமெரிக்க மருத்துவர், விலங்குகளின் இந்தச் சுரப்பியை உலர்த்தி மாத்திரையாக்கி ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதினார். பலன் இருந்தது என்றார். எப்படி என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வருடமே ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அந்தச் சுரப்பியிலிருந்து அட்ரினலினைப் பிரித்தெடுத்துவிட்டார். சில ஆண்டுகளில் அது ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போடப்பட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு திறந்தது. இதுதான் அந்த மருந்து என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். அட்ரினலின் வருவது சுரப்பியின் உள்பகுதியிலிருந்து. அதைப் போர்த்தியிருக்கும் மேலோடு வேறு எதையோ சுரக்கிறது என்பது தெளிவாக இன்னும் முப்பது வருடம் ஆயிற்று.

1930களில் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும், சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் தனித்தனியாக அந்த மேலோட்டிலிருந்து பொருட்களைப் பிரித்தார்கள். கெண்டல் அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளையே பெயராக வைத்தார். அதில் ஒன்று 'காம்பவுண்ட் ஈ'. மலைமலையாகச் சுரப்பிகளை அரைத்தாலும் கிடைப்பது சிட்டிகை அளவுதான். 1944இல் மெர்க் கம்பெனியின் லூயிஸ் சாரெட் மாட்டின் பித்தநீர் அமிலத்திலிருந்து, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில், அதைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்.

அதே மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மூட்டுவாத மருத்துவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மஞ்சள்காமாலை வந்தாலோ கர்ப்பமானாலோ சிலருடைய மூட்டுவாதம் தற்காலிகமாகத் தணிகிறதே, அப்போது உடம்பே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறதோ? 1948 செப்டம்பரில், நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு காம்பவுண்ட் ஈ ஊசி போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்வந்தார். அந்தப் பொருளுக்கு கார்டிசோன் என்று பெயர் வைத்தார்கள். 1950இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே இவ்வளவு குறைந்த காலம் என்பது அபூர்வம்.

எனக்கு இதில் ஆச்சரியம் வேறு. நீல பம்ப், அட்ரினலின் செய்யும் வேலையைச் செய்கிறது. பழுப்புக் குழாய், மேலோடு சுரக்கும் கார்டிசால் செய்யும் வேலையைச் செய்கிறது. இரண்டும் ஒரே சுரப்பியின் உள்ளும் புறமும். நம் உடம்பே தினமும் 10 முதல் 20 மில்லிகிராம் வரை கார்டிசால் சுரக்கிறது. காலையில் உச்சம், நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவு. பலருக்கும் இழுப்பு விடிகாலையில் வருவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று. அத்தை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்ததற்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம்.

4

மூட்டுவாதத்தில் நடந்தது உடனே ஆஸ்துமாவுக்கும் வந்தது. 1949–50லேயே அமெரிக்க மருத்துவமனைகளில் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கார்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். வருடக்கணக்காக உட்கார்ந்தே தூங்கியவர்கள் படுத்துத் தூங்கினார்கள்.

தட்டுப்பாட்டையும் விலையையும் தீர்த்தது ஒரு பூஞ்சை. மெக்சிகோவின் காட்டுக் கிழங்குகளிலிருந்து புரொஜெஸ்டரோனை மலிவாக எடுக்கலாம் என்று ரஸ்ஸல் மார்க்கர் காட்டியிருந்தார். 1952இல் அப்ஜான் கம்பெனியின் பீட்டர்சனும் மர்ரேவும், ரொட்டியில் பூக்கும் கரும்பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை அதன்மேல் ஏவினார்கள். வேதியியலாளர்கள் பல படிகளில் திணறிச் செய்ததை அது ஒரே படியில் செய்தது. 1955இல் இன்னும் வீரியமான பிரட்னிசோன், பிரட்னிசலோன் மாத்திரைகளும் வந்தன.

அதற்குள் கணக்கு திரும்பி வர ஆரம்பித்திருந்தது. நோயாளிகளின் முகம் நிலா மாதிரி உருண்டது. எலும்பு பொடிந்தது. சர்க்கரை ஏறியது. குழந்தைகள் வளராமல் நின்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது. வெளியிலிருந்து தொடர்ந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி, நமக்கு இங்கே வேலையில்லை என்று சுருங்கித் தூங்கப் போய்விடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே விழிக்காது. உடம்புக்கு நெருக்கடி வரும்போது உள்ளேயும் மருந்து இல்லை, வெளியேயும் மருந்து இல்லை என்றாகிவிடும். பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது இப்படிப் பாடம் படித்து வந்த விதி.

இந்தப் பத்தியை முதன்முதலாகப் படித்த அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "திடீர்னு நிறுத்திடாதீங்க" என்று அந்த மருத்துவர் சொன்னது எங்கள் யார் காதிலும் விழவில்லை. அதற்கு அடுத்து நான் வாசித்த பட்டியல் மட்டும் அத்தையின் காதில் விழுந்தது.

5

இனி அந்தப் பழுப்புக் குழாய். அது எப்படிப் பிறந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் நான் மிகவும் விரும்பிய பகுதி.

1955இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருடைய பதின்வயது மகள் கேட்டாளாம்: தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக் கூடாது? 1956இல் முதல் அளவுக் குழாய்கள் கடைக்கு வந்தன. உள்ளே இருந்தது நீலப் பரம்பரை. 1960களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இளம் ஆஸ்துமாக்காரர்களின் மரணம் திடீரென்று உயர்ந்தது. வீரியம் கூட்டிய ஐசோபிரினலின் குழாய்கள்மேல் சந்தேகம் விழுந்தது. குழாய் மூச்சைத் திறந்துகொண்டே இருந்தது. உள்ளே புண் முற்றிக்கொண்டே இருந்தது. தைரியம் கொடுத்த பொருளே, ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட வைத்தது.

ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து மருந்தியல் படித்த டேவிட் ஜாக், இங்கிலாந்தில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் கம்பெனியின் ஆராய்ச்சியை நடத்தினார். அவருடைய குழுதான் இதயத்தை அதிகம் தொந்தரவு செய்யாத சால்பியூட்டமாலை 1969இல் கொண்டுவந்தது. அத்தையின் நீல பம்பில் இருந்தது அதுதான். அதே குழு அடுத்த கேள்விக்கும் போனது. தோல் அழற்சிக்குக் களிம்பாகத் தடவிய பெக்ளோமெத்தசோன், தடவிய இடத்தில் மட்டும் பலமாக வேலை செய்தது. விழுங்கிவிட்டாலும் கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் செயலிழக்க வைத்துவிடும். அப்படியென்றால் அதையே மூச்சுக்குழாயின் உட்சுவரில் தடவினால் என்ன? குழாயில் அடைத்தார்கள்.

டெர்பி நகரில் ஹாரி மாரோ பிரவுன் என்ற நெஞ்சக மருத்துவர் இருந்தார். 1950களில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனை, நாள்பட்ட ஆஸ்துமாவுக்குக் கார்டிசோனால் பெரிய நன்மை இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தது. மாரோ பிரவுன் நோயாளிகளின் சளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் நிறைந்த சளி உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்டது, இல்லாதவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரே பெயருக்குள் வேறு வேறு நோய்கள் கலந்திருந்தன. இதை 1958இல் எழுதினார். பெக்ளோமெத்தசோன் குழாய் வந்ததும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாத்திரை இல்லாமல் வாழ முடியாதவர்கள் உட்பட 60 பேருக்குக் கொடுத்தார். மாத்திரையை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோர் அதிலிருந்து விடுபட்டார்கள். 1972இல் முடிவுகள் வெளியாயின.

இன்றைக்கு ஒருவர் குறைந்த அளவில் பெக்ளோமெத்தசோனோ புடெசொனைடோ இழுத்தால் நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். இழுப்பு முற்றியவருக்கு வாய்வழியே கொடுக்கும் பிரட்னிசலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு மருந்துகள், வீரியமும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் பெருவெள்ளத்துக்கும் சொட்டு நீருக்கும் உள்ள வித்தியாசம் புரியும். சொட்டு நீரும் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். குரல் கம்மும், வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம், அதனால்தான் இழுத்த பின் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். சிறு வயதில் புடெசொனைடு எடுத்துக்கொண்ட பிள்ளைகள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததை 2012இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் மறுபடி பாதிப் பட்டியல்தான் வாசிக்கிறவன் ஆவேன்.

6

நான் அன்று வாசித்த பட்டியலில் பொய் இல்லை. அது 1950களின் மாத்திரைகளால் வந்த பட்டியல். அத்தை ஆறு வருடம் தின்ற பொடிக்கு அது அப்படியே பொருந்தியது. சுகரும் முறிந்த மணிக்கட்டும் அதில் இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்தவர்கள்தான், அதிலிருந்து மனிதர்களைக் காப்பாற்ற பழுப்புக் குழாயைச் செய்தார்கள். ஸ்டீராய்டு என்ற ஒரே சொல்லுக்குள் நோயையும் பரிகாரத்தையும் போட்டுக் கட்டிக் கொடுத்தேன் நான்.

பழுப்புக் குழாயின் சிக்கல், அது எதையும் காட்டாது என்பது. இழுத்ததும் நெஞ்சு திறக்காது, படபடப்பு வராது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் புண்ணை ஆற்றும். நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும், நன்றாக இருப்பதால் விட்டுவிடத் தோன்றும். கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் சுய்சாவும் குழுவினரும் எழுதினார்கள்: ஒரு வருடத்தில் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஸ்டீராய்டு குழாய்க்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21% குறைகிறது. கடைசியில் 2019இல் ஜினா என்ற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலத்தை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. அத்தை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

உலகின் ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13% பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இங்கே நிகழ்வதாக உலக ஆஸ்துமா அறிக்கை சொல்கிறது. அடுப்புப் புகை, நகரப் புகை, குழாய் வாங்கக் காசில்லாமை என்று காரணங்கள் பல. "பம்ப் அடிச்சா பழகிடும்", "அது கடைசி ஸ்டேஜுக்குக் குடுக்குறது", "பொண்ணுக்கு வீசிங்குனு தெரிஞ்சா மாப்பிள்ளை கிடைக்காது" என்ற நம் பேச்சுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. என் வாசிப்புக்கும்.

அத்தை எதனால் இறந்தார் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆற்றப்படாத புண்ணா, தூங்கிப்போன சுரப்பியா, இரண்டுமா. அம்மாவிடம் இதை ஒரு நாள் சொன்னேன். "நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்" என்றார். அது சமாதானம்தான். ஆனால் அத்தை கேட்டதும் ஒரு சின்னக் கேள்விதான். எல்லாம் ஒண்ணுதானா தம்பி? இல்லை அத்தை என்று சொல்ல எனக்கு எட்டு வருடமும் ஒரு நோயும் தேவைப்பட்டன.

இப்போதும் அம்மா போனில் கேட்பார், "அந்த ஸ்டீராய்ட இன்னுமா விடல?" இல்லம்மா, டாக்டர் குறைக்கச் சொல்லும்போது குறைப்பேன் என்பேன். இரவு இரண்டு தடவை இழுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்புகிறேன். நீல பம்ப் என்னிடமும் இருக்கிறது, பையின் ஓரத்தில். தலையணைக்கு அடியில் எதுவும் இல்லை. மூன்று மணிக்கு விழிப்பு வருவதில்லை.